பதில் வராத கடிதங்கள்

1881ஆம் ஆண்டு மார்ச் மாதம் சான்டா ஃபே சிறையில் இருந்த ஒரு கைதி, அதே ஊரில் இருந்த ஆளுநர் மாளிகைக்கு மூன்று கடிதங்கள் எழுதினான். ஜனவரி முதல் தேதியே ஒன்று எழுதியிருந்தான். அதையும் சேர்த்தால் நான்கு. எல்லாமே சின்னச் சின்னக் கடிதங்கள். முதலாவது, முடிந்தால் வந்து என்னைப் பாருங்கள் என்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் மிரட்டல்: ரெண்டு வருஷத்துக்கு முன்னால நீங்க எழுதின கடிதமெல்லாம் என்கிட்டதான் இருக்கு, அதை வாங்கிக்க ஆள் இருக்காங்க, உங்களைப் பார்க்காம குடுக்க மாட்டேன். மூன்றாவதில் வெறும் கணக்கு: நான் செய்றேன்னு சொன்னதையெல்லாம் செஞ்சாச்சு, நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நடக்கல. நான்காவது மார்ச் 27ஆம் தேதியிட்டது. நாளைக்குத் தெற்கே கொண்டு போகிறார்கள், கடைசி முறையாகக் கேட்கிறேன், வாக்கைக் காப்பாற்றுவீர்களா?

எதற்கும் பதில் வரவில்லை.

கைதியின் பெயர் வில்லியம் போனி. ஊர் வைத்த பெயர் ‘கிட்’, பொடியன். உலகத்துக்கு பில்லி த கிட். ஏறத்தாழ 21 வயது. ஆளுநரின் பெயர் லூ வாலஸ். வக்கீல், உள்நாட்டுப் போரில் மேஜர் ஜெனரல், அப்போது நியூ மெக்சிகோ டெரிட்டரியின் ஆளுநர். நாலு மாதம் முன்புதான் அவருடைய நாவல் ஒன்று நியூயார்க்கில் வெளியாகியிருந்தது. ‘பென்-ஹர்’. ஆமாம், அதே பென்-ஹர்தான். நாம் தேரோட்டக் காட்சிக்காகப் பார்த்த 1959ஆம் வருடப் படத்தின் மூலம்.

பில்லியின் கதையை ஹாலிவுட் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டது. எனக்குப் பில்லியைவிட அந்தக் கடிதங்களைப் பெற்ற மனிதர்மேல்தான் ஆர்வம். ஏனென்றால் பதில் கிடைக்காத கடிதம் எழுதுவது என்றால் என்ன என்று அமெரிக்காவில் அன்று நன்றாக அறிந்திருந்தவர்களில் லூ வாலஸும் ஒருவர். இருபது வருடமாக அவரே அதைச் செய்துகொண்டிருந்தார்.

1827இல் இண்டியானாவில் பிறந்தவர். அப்பா டேவிட் வாலஸ் வக்கீல், பிறகு அந்த மாநிலத்துக்கே ஆளுநர். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. படம் வரைவான், கதை படிப்பான், ஊர் சுற்றுவான். பதினாறு வயதில் அப்பா செலவுக்குப் பணம் தருவதை நிறுத்திவிட, மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் ஆவணங்களைப் பிரதி எடுக்கும் வேலைக்குப் போனான். பிறகு வேறு வழியில்லாமல் சட்டம். 1846இல் வக்கீல் தேர்வு எழுதினார். அதே சமயம் மெக்சிகோமேல் அமெரிக்கா போர் தொடுத்திருந்தது. விடைத்தாளோடு ஒரு குறிப்பையும் வைத்தார்: இந்த விடைகள் எனக்குத் திருப்தியில்லை, உங்களுக்காவது இருக்கும் என நம்புகிறேன், எப்படியிருந்தாலும் நான் மெக்சிகோ போகிறேன் என்கிற மாதிரி. நீதிபதி உரிமம் தரவில்லை. ஆள் போருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 1849இல்தான் முறையாக வக்கீல் ஆனார். அந்தத் தொழிலைக் கடைசிவரை அவர் நேசிக்கவில்லை. சோறு போட்டது, அவ்வளவுதான்.

1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. வாலஸ் வடக்குத் தரப்பில் படை திரட்டி, அடுத்த மார்ச்சிலேயே மேஜர் ஜெனரல் ஆகிவிட்டார். வயது 34. ஒரு மாதம்கூட ஆவதற்குள் வந்தது ஷைலோ.

1862 ஏப்ரல் 6, டென்னஸி ஆற்றங்கரை. விடியற்காலையில் தெற்குப் படை கிராண்டின் முகாம்கள்மேல் பாய்ந்தது. வாலஸின் டிவிஷன் சில மைல் தள்ளி நின்றது. கிராண்டிடமிருந்து உத்தரவு வந்தது. எப்படி? வாய்மொழியாகச் சொன்னதை ஓர் அதிகாரி பென்சிலால் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். கையெழுத்துகூட இல்லை. ராணுவத்தின் வலது பக்கத்தோடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அதில் இருந்தது என்று வாலஸ் சாகும்வரை சொன்னார். ஆற்றோரச் சாலையில் வரச் சொன்னேன் என்றார் கிராண்ட். வாலஸ் உள்சாலையில் போனார். காலையில் ராணுவத்தின் வலது பக்கம் எங்கே இருந்ததோ அங்கே போகச் சரியான சாலை அதுதான். ஆனால் அதற்குள் அந்த வலது பக்கம் அடிவாங்கி ஆற்றை நோக்கிப் பின்வாங்கியிருந்தது. அப்படியே போயிருந்தால் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருப்பார். பாதி வழியில் தெரிந்து, திரும்பி, சுற்றிக்கொண்டு வந்துசேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைய சண்டை முடிந்துவிட்டது.

இரண்டு நாளில் இரு தரப்பிலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் 23,000 பேருக்கும் மேல். அமெரிக்கா அதுவரை அப்படி ஒரு எண்ணிக்கையைப் பார்த்ததில்லை. யார்மேலாவது பழி விழவேண்டும். வழி தவறிய ஜெனரல்மேல் விழுந்தது. வாலஸிடம் பதவியைப் பறித்தார்கள். அந்தப் பென்சில் காகிதம்? தொலைந்துபோனது. அது இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் வழக்கு.

1864 ஜூலையில் மேரிலாந்தின் மனோகசி ஆற்றங்கரையில் வாலஸுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. வாஷிங்டனைப் பிடிக்க வந்துகொண்டிருந்த தெற்குப் படையை, அதில் பாதிகூட இல்லாத சுமார் 6,000 பேரை வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் தடுத்து நிறுத்தினார். சண்டையில் தோல்விதான். ஆனால் அந்த ஒரு நாளில் தலைநகருக்கு உதவிப்படை வந்துவிட்டது. கிராண்டே இதைப் பிற்பாடு மனம்விட்டுப் பாராட்டினார். ஆனால் ஷைலோ கறை போகவில்லை. வாலஸ் கிராண்டுக்குக் கடிதம் எழுதுகிறார், விளக்கம் அனுப்புகிறார், விசாரணை மன்றம் கேட்கிறார், நண்பர்கள் சொல்கேட்டு அதைத் திரும்பப் பெறுகிறார், மறுபடி எழுதுகிறார். கிராண்ட் தளபதி ஆனார், ஜனாதிபதி ஆனார். அறிக்கையில் எழுதியது எழுதியபடியே கிடந்தது.

போர் முடிந்ததும் வக்கீல் ஜெனரல் என்பதால் வாலஸை இரண்டு முக்கியமான ராணுவ நீதிமன்றங்களில் உட்கார வைத்தார்கள். லிங்கன் கொலைச் சதி வழக்கை விசாரித்த ஒன்பது பேரில் ஒருவர். ஆண்டர்சன்வில் போர்க்கைதி முகாமின் தலைவர் ஹென்றி விர்ஸ் வழக்கில் அவரே தலைவர். முதல் வழக்கில் நான்கு பேர் தூக்கில் போடப்பட்டார்கள், இரண்டாவதில் விர்ஸ். சதி வழக்கு நடக்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே குற்றவாளிகளின் முகங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார் மனிதர். எனக்கு இந்தத் தகவல் ஒரு மாதிரி இருந்தது. மரண தண்டனைக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர் அந்த முகங்களை வரைந்துகொண்டிருக்கிறார்.

1876 ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு எண்ணிக்கைத் தகராறு வந்தபோது, குடியரசுக் கட்சிக்காக ஃபுளோரிடா வரை போய் வேலை பார்த்தார். ஜெயித்த ஹேய்ஸ் நன்றிக்கடனாகத் தூதர் பதவி தருவார் என்று எதிர்பார்த்தார். பொலிவியா தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் கிடைத்தது நியூ மெக்சிகோ. 1878 செப்டம்பர் கடைசியில் சான்டா ஃபே வந்துசேர்ந்தார்.

டெரிட்டரி என்றால் இன்னும் மாநிலமாகாத நிலப்பரப்பு. ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வாஷிங்டனிலிருந்து அனுப்புவார்கள். நம்ம யூனியன் பிரதேசம் மாதிரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 1848இல் மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய மண். மக்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். ஆளுநர் மாளிகை என்பது ஸ்பானியர்கள் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்கட்டடம். மழை பெய்தால் ஒழுகும். அதிகாரம் உண்மையில் இருந்தது ‘சான்டா ஃபே ரிங்’ என்று அழைக்கப்பட்ட வக்கீல்கள், நிலவணிகர்கள், அரசியல்வாதிகள் கூட்டணியிடம். அவர்களோடு ஒட்டிக்கொண்டதாகப் புகார் வந்துதான் முந்தைய ஆளுநர் ஆக்ஸ்டெல்லைத் தூக்கியிருந்தார்கள்.

தெற்கே லிங்கன் கவுண்டி எரிந்துகொண்டிருந்தது. இதைக் கௌபாய் சண்டை என்று நினைத்தால் தப்பு. அடிப்படையில் இது டெண்டர் சண்டை. ஸ்டான்டன் கோட்டை ராணுவத்துக்கும் மெஸ்கலேரோ அபாச்சி மக்களின் ஒதுக்கிடத்துக்கும் மாட்டிறைச்சியும் மாவும் சப்ளை செய்வது யார்? ஒரே ஒரு கடை, மர்ஃபி-டோலன் கடை. ஊரில் அதை வெறுமனே ‘வீடு’ என்பார்கள். விவசாயி விளைவித்ததை அவர்களிடம்தான் விற்கவேண்டும், அவர்களிடம்தான் கடனுக்கு வாங்கவேண்டும். ஷெரிஃப் அவர்கள் ஆள். 24 வயது ஆங்கிலேயன் ஜான் டன்ஸ்டல், வக்கீல் மெக்ஸ்வீனோடு சேர்ந்து எதிர்க்கடை போட்டான். 1878 பிப்ரவரி 18 அன்று டன்ஸ்டலைச் சுட்டுக் கொன்றார்கள். டன்ஸ்டலிடம் வேலை பார்த்த பையன்கள் பழிக்குப் பழி என்று கிளம்பினார்கள். அதில் ஒருவன் பில்லி. ஏப்ரல் 1 அன்று ஷெரிஃப் பிரேடியைத் தெருவில் மறைந்திருந்து சுட்டார்கள். ஜூலையில் லிங்கன் ஊருக்குள்ளேயே ஐந்து நாள் சண்டை. கர்னல் டட்லி பீரங்கியோடு வந்து ஊர் நடுவில் முகாமிட்டு வேடிக்கை பார்க்க, மெக்ஸ்வீனின் வீடு கொளுத்தப்பட்டது. வெளியே வந்த வக்கீலைச் சுட்டுத் தள்ளினார்கள்.

வாலஸ் வந்ததும் வக்கீல் மூளையோடு யோசித்தார். நவம்பர் 13 அன்று ஒரு பொதுமன்னிப்புப் பிரகடனம். சண்டையில் ஈடுபட்ட எல்லோருக்கும் மன்னிப்பு, ஆனால் ஏற்கெனவே குற்றப்பத்திரிகை பதிவானவர்களுக்குப் பொருந்தாது. அந்த ஒரு வரியில் பில்லி வெளியே நின்றுவிட்டான். பிரேடி கொலையில் அவன்மேல் குற்றப்பத்திரிகை இருந்தது.

பிரகடனத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்த வாலஸ் சான்டா ஃபேயிலேயே இருந்துகொண்டு நாவலைத் தொடர்ந்தார். டன்ஸ்டல் செத்து சரியாக ஒரு வருடம், 1879 பிப்ரவரி 18. இரு கோஷ்டிகளும் சமாதானம் பேசிக் குடித்துவிட்டுத் தெருவில் வந்தபோது எதிரே வந்தார் ஹஸ்டன் சாப்மன். ஒற்றைக் கை வக்கீல். மெக்ஸ்வீனின் மனைவிக்காக டட்லிமேல் வழக்கு நடத்த வந்தவர். டோலன் தரப்பு அவரைச் சுட்டு, உடம்புக்குத் தீயும் வைத்தது. பில்லி அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

இதற்குப் பிறகுதான் வாலஸ் முதல்முறையாக லிங்கனுக்கே போனார். பதவியேற்று ஐந்து மாதம் கழித்து! சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை. அப்போது பில்லியிடமிருந்து கடிதம் வந்தது. சாப்மன் கொலையைப் பார்த்தேன், கோர்ட்டில் சொல்லத் தயார், என்மேல் இருக்கும் குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தால் வருகிறேன், உங்கள் பிரகடனத்துக்குப் பிறகு நான் யார்மேலும் கை ஓங்கவில்லை. வாலஸ் மார்ச் 15ஆம் தேதி பதில் எழுதினார். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு வில்சன் வீட்டுக்குத் தனியாக வா. தெரிந்ததைச் சாட்சி சொன்னால் உன்மேல் வழக்கு நடக்காமல் விலக்கு அளிக்கும் அதிகாரம் எனக்கு இருக்கிறது.

பையன் வந்தான். முதுமையில் வாலஸ் சொன்ன கதைப்படி, ஒரு கையில் வின்செஸ்டர் துப்பாக்கி, இன்னொரு கையில் ரிவால்வர். ஒப்பந்தம் ஆனது. ஊருக்கு முன்னால் பொய்யாக ஒரு கைது நாடகம் நடத்தி அவனைக் காவலில் வைத்தார்கள். உள்ளூர்ப் பாட்டுக்காரர்கள் அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவதைப் பார்த்து, இது என்னடா கூத்து என்கிற தொனியில் வாலஸ் வாஷிங்டனுக்கு எழுதினார். ஏப்ரலில் பில்லி கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சி சொன்னான். டோலன்மேல் குற்றப்பத்திரிகை வந்தது. பிறகு கர்னல் டட்லிமேல் நடந்த ராணுவ விசாரணையிலும் சொன்னான். உயிரோடு இருப்பதே கஷ்டமான அந்த ஊரில், டோலனுக்கு எதிராக வாய் திறந்த பத்தொன்பது வயசுப் பையன்.

அவன் பங்கு முடிந்தது. இப்போது வாலஸ் பங்கு.

இங்கேதான் வக்கீல் வாலஸைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்கவேண்டியிருக்கிறது. வழக்கை நடத்துவதும் கைவிடுவதும் மாவட்ட அரசு வழக்கறிஞர் கையில். அவர் பெயர் ரைனர்சன், டோலனின் கூட்டாளி. ஆளுநர் கொடுத்த வாக்கு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று, பில்லியின் வழக்கை வேறு கவுண்டிக்கு மாற்றி வாங்கினார். வாலஸுக்கு உதவியாக இருந்த வக்கீல் ஐரா லெனார்ட், இந்த ஆள் பையனைச் சுவரோடு வைத்து நசுக்கப் பார்க்கிறான் என்கிற மாதிரி ஆளுநருக்கு எழுதினார். எந்த அதிகாரம் தனக்கு இருப்பதாக வாலஸ் எழுதிக் கொடுத்தாரோ அது உண்மையில் அவரிடம் இல்லை. முப்பது வருட வக்கீலுக்கு இது தெரியாதா? ஆனால் ஒரு அதிகாரம் நிச்சயம் இருந்தது, மன்னிப்பு. டெரிட்டரி சட்டங்களை மீறிய குற்றங்களுக்கு ஆளுநர் மன்னிப்பு தரலாம். பிரேடி கொலை அந்த வகை. ஒரு தாள், ஒரு கையெழுத்து. போடவில்லை.

ஜூன் மாதம் பில்லி காவலிலிருந்து நடந்து போய்விட்டான். ஓடவில்லை, நடந்தேதான்.

வாலஸ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாவிட்டால் தப்பு. அதற்குப் பிறகு பில்லி மாடு திருடினான். 1880 ஜனவரியில் மதுக்கடையில் ஒருவனைச் சுட்டான். அந்த வருடக் கடைசியில் அவனைப் பிடிக்கப் போன கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் கார்லைல் செத்தார். ஒப்பந்தத்தை அவனே உடைத்தான், ஒழுங்காக இரு என்பதும் அதில் அடக்கம்தான் என்று வாலஸ் நினைத்திருக்கலாம். 1880 டிசம்பரில் அவன் தலைக்கு 500 டாலர் வைத்தார். சில நாளிலேயே ஷெரிஃப் பாட் காரட் அவனைப் பிடித்துவிட்டார். அப்புறம்தான் அந்த நான்கு கடிதங்கள்.

மன்னிப்பு கொடுக்காததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பதில் போடாததைத்தான் முடியவில்லை. ‘முடியாது தம்பி’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஷைலோ பற்றி எத்தனை கடிதம் எழுதியவர்! மேலே இருப்பவனின் மௌனம் கீழே இருப்பவனை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

இதில் பென்-ஹர் எங்கே வருகிறது என்றால், கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். யூத இளைஞன் மாடியிலிருந்து ஊர்வலத்தை எட்டிப் பார்க்கிறான். ஓர் ஓடு கைதவறி விழுகிறது, கீழே போகும் ரோமானிய ஆளுநர் தலையில். கொலைமுயற்சி என்று தீர்ப்பு. விசாரணையே இல்லை. துடுப்பு வலிக்கும் அடிமையாகக் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பதைக் கேட்க ஒரு ஆள் கிடையாது. தற்செயலான ஒரு பிசகு, வாழ்நாள் பழி. இதில் ஷைலோவைப் பார்க்கிற விமர்சகர்கள் உண்டு, எனக்கும் அது சரி என்றே தோன்றுகிறது. நாவலின் பெரும்பகுதி இண்டியானாவில் எழுதப்பட்டது. கடைசிப் பகுதியை, சிலுவையேற்றம் உட்பட, சான்டா ஃபே மாளிகையில்தான் எழுதி முடித்தார். இரவில், ஜன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டு. பில்லி ஆளுநரைச் சுடுவதாகச் சபதம் போட்டிருக்கிறான் என்ற பேச்சு ஊரில் இருந்ததால் அந்த முன்னெச்சரிக்கை என்பது அந்தக் குடும்பம் சொன்ன கதை.

1881 ஏப்ரலில் மெஸில்லா ஊர் நீதிமன்றம் பில்லிக்குத் தூக்கு விதித்தது. அந்தச் சண்டையில் இரண்டு தரப்பிலும் எத்தனையோ கொலைகாரர்கள். தண்டனை பெற்றது இவன் ஒருவன்தான். லிங்கனுக்குக் கொண்டுவந்து, பழைய மர்ஃபி-டோலன் கடையில் அடைத்தார்கள். அது இப்போது நீதிமன்றக் கட்டடம் ஆகியிருந்தது. ஏப்ரல் 28 அன்று இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டு அங்கிருந்து தப்பினான். அதே தேதியிட்ட லாஸ் வேகஸ் பத்திரிகை ஒன்றில் (நெவாடா லாஸ் வேகஸ் இல்லை, நியூ மெக்சிகோவில் அதே பெயரில் ஒரு ஊர்) வாலஸின் பேட்டி வந்திருந்தது. நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று பில்லி நம்புகிறானே என்று நிருபர் கேட்டிருக்கிறார். அவனைப் போன்ற ஆள் என்னிடம் எப்படிக் கருணையை எதிர்பார்க்கிறான் என்று தெரியவில்லை என்றார் வாலஸ். இரண்டு நாள் கழித்து, தூக்குக்கான ஆணையில் கையெழுத்துப் போட்டார். கைதிதான் இல்லை.

அதற்குள் அவர் ராஜினாமா செய்தாகிவிட்டது. புதிய ஜனாதிபதி கார்ஃபீல்ட் அவரை ஆட்டமன் பேரரசுக்குத் தூதராக அனுப்பினார். ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில், இருட்டறை ஒன்றில், காரட் பில்லியைச் சுட்டுக் கொன்றார். பென்-ஹர் மெதுவாக விற்க ஆரம்பித்து, பிறகு நிற்கவே இல்லை. அந்த நூற்றாண்டில் அமெரிக்கா எழுதிய எந்த நாவலும் அந்த அளவு விற்கவில்லை. டோலன், சாப்மன் வழக்கிலிருந்து வெளியே வந்து, செத்துப்போன டன்ஸ்டலின் சொத்துகளையும் வாங்கிக்கொண்டார்.

வாலஸுக்குப் பதில் வந்தது 1885இல். ஷைலோவில் செத்த இன்னொரு ஜெனரல் வாலஸின் விதவை, கணவரின் காகிதங்களில் ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுத்துக் கிராண்டுக்கு அனுப்பினார். சண்டைக்கு முந்தின நாள் லூ வாலஸ் எழுதியது. உள்சாலை வழியாகப் படை சேரும் ஏற்பாடு முன்பே இருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. தொண்டைப் புற்றுநோயோடு நினைவுக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த கிராண்ட், இந்தக் கடிதம் நான் எழுதியதை மாற்றுகிறது என்று ஒரு அடிக்குறிப்பு சேர்த்தார். அடிக்குறிப்புதான். மேலே உள்ள பழைய வாசகம் அப்படியே இருக்கிறது. சில வாரங்களில் இறந்தும் போனார். 23 வருடத்துக்கு ஒரு அடிக்குறிப்பு.

கடைசிக் காலத்தில் பில்லியைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு வாலஸ் கதை கதையாகச் சொன்னார். அதில் ஒரு இடம் கவனிக்கத்தக்கது. சாட்சி சொன்னால் சட்டைப்பையில் மன்னிப்போடு உன்னை விட்டுவிடுகிறேன் என்று அந்த இரவு சொன்னதாக அவரே சொல்கிறார். 1879 கடிதத்தில் இல்லாத ‘மன்னிப்பு’ என்ற வார்த்தையைச் சேர்த்துவைத்தது பில்லியின் ஆதரவாளர்கள் அல்ல, வாலஸ்தான். அதை வைத்துத்தான் 2010இல் நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சனிடம் மன்னிப்பு மனு போனது. பதவி முடிகிற கடைசி நாளான டிசம்பர் 31 அன்று அவர் மறுத்தார். வாலஸ் ஏன் வாக்கு தவறினார் என்பது தெளிவாக இல்லையாம். வாலஸின் வாரிசுகளும் காரட்டின் வாரிசுகளும் மன்னிப்பு கூடாது என்று எதிர்த்திருந்தார்கள்.

வாலஸ் 1905இல் இறந்தார். சுயசரிதையை முடிக்கவில்லை. ஷைலோவைப் பக்கம் பக்கமாக எழுதியவர், மனோகசிச் சண்டையோடு நின்றுவிட்டார். நியூ மெக்சிகோ வருடங்களை அவர் மனைவி சூசன்தான் ஒரு உதவியாளரோடு சேர்ந்து எழுதி நிரப்பினார். பில்லி 1879இல் எழுதிய கடிதங்களை வாலஸ் கிழித்துப் போடவில்லை, தொலைக்கவும் இல்லை. அவருடைய மற்றக் காகிதங்களோடு இண்டியானா வரலாற்றுக் கழகத்தில் இன்றும் இருக்கின்றன. பையனுக்குக் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது.